அங்கே நெருக்கம், இங்கே காலி பெஞ்சு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்யறார், நான் தார் சுத்தித் தர்றேன். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கணும். சேமிப்பைப் பத்தியும் கடனைப் பத்தியும் மத்த அக்காங்க நல்லா பேசிட்டாங்க. நான் நம்ம பிள்ளைங்க உட்கார்ற பெஞ்சைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

என் பெரிய பொண்ணு அஞ்சாவது வரைக்கும் எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில படிச்சா. அங்கேயே எட்டாவது வரைக்கும் இருக்கு. ஆனாலும் ஆறாவதுக்கு அவளை பஸ் ஏறிப் போற ஒரு டவுன் பள்ளியில சேர்த்தேன். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், யாரையும் குறை சொல்ல நான் வரலை. டவுன்ல சேர்த்தா இங்கிலீஷ் வரும், பன்னிரண்டாவது வரைக்கும் மாத்த வேண்டியதில்லை, நாலு பேர் கேட்டா சொல்லிக்கவும் நல்லா இருக்கும் என்று நினைச்சேன். என்னை மாதிரியே எங்க தெருவில பத்து வீடு நினைச்சது. சுத்தியிருக்கிற ஊரெல்லாம் அப்படியே நினைச்சது.

அங்கே ஒரே ரூம்ல 72 பிள்ளைங்க. மூணு பேர் உட்கார்ற பெஞ்சுல அஞ்சு பேர். நோட்டை மடியில வச்சு எழுதுவாங்க. கடைசி வரிசைக்கு டீச்சர் குரல் கேட்காது. பாவம், அந்த டீச்சரும் 72 நோட்டு திருத்தணுமே. காலையில நான் கொடுத்து அனுப்பின தண்ணி பாட்டில் சாயந்திரம் அப்படியே திரும்பி வரும். "ஏண்டி தண்ணி குடிக்கலை"ன்னு திட்டுவேன். ஒரு நாள் நீர்க்கடுப்பும் ஜுரமுமா படுத்துட்டா. ஆஸ்பத்திரியில வச்சுத்தான் சொன்னா: "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்மா. லைன்ல நிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுடும்." இது தெரியாம ஒரு வருஷமா திட்டிட்டு இருந்திருக்கேனே என்று அன்னைக்கு அழுதேன்.

அதே வருஷம் எங்க ஊர்ப் பள்ளியில வேற கதை. ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்பும் சேர்த்து 29 பிள்ளைங்கதான். வகுப்புல பாதி பெஞ்சு காலி. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி இருக்கிற பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சுத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவு பண்றாங்க. எண்ணிக்கை குறைஞ்சதால ஒரு டீச்சரை உபரி என்று சொல்லி வேற ஊருக்கு மாத்திட்டாங்க. டீச்சர் இல்லைன்னு நாம பிள்ளையை எடுக்கறோம், பிள்ளை இல்லைன்னு அவங்க டீச்சரை எடுக்கறாங்க. அங்கே நெருக்கமும் இங்கே காலி பெஞ்சும் ஒரே நோய்தான். அதுக்கு நானும் ஒரு காரணம் என்று அப்பத்தான் புரிஞ்சது.

இதை எங்க குழுக் கூட்டத்துல பேசினேன். ஒரு தங்கச்சி சொன்னா: "அமெரிக்காவுல வீட்டு விலாசத்தை வச்சு, இந்தத் தெருப் பிள்ளை இந்த அரசுப் பள்ளிக்குத்தான்னு எல்லை போட்டிருப்பாங்களாம். ஒரு பள்ளி நிரம்பிட்டா எல்லையை மாத்தி வரைவாங்களாம். இங்கேயும் அப்படிக் கோடு போட்டா என்ன?" எல்லாருக்கும் சரின்னு பட்டது. அப்போ காலனியிலிருந்து வர்ற அக்கா ஒருத்தர் எழுந்தாங்க. "கோடு போட்டா நல்ல பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்கும்? எங்களுக்கு ஏற்கெனவே நிறைய கோடு போட்டாச்சும்மா" என்றாங்க. அதுக்கு யாராலும் பதில் சொல்ல முடியலை. அந்தக் கேள்விதான் எங்களை யோசிக்க வச்சது.

பிறகு சட்டத்துல என்ன இருக்குன்னு தலைமை ஆசிரியர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டமும், நம்ம தமிழ்நாட்டு விதிகளும் ஒரு தூரம் சொல்லுது. வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, 3 கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி இருக்கணும். இது பிள்ளையை அடைச்சு வைக்கிற கோடு இல்லை, இவ்வளவு பக்கத்துல பள்ளி கொடுத்தாகணும் என்று அரசாங்கத்துக்குப் போட்ட கோடு. ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறை, ஆண் பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் அதே சட்டத்துல எழுதியிருக்கு.

நெருக்கம் என்றால் சின்ன சங்கடம் என்று நினைச்சுடக் கூடாது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துல ஒரே கட்டடத்துல அளவுக்கு மேல பிள்ளைங்களை வச்சிருந்தாங்க. கூரையில தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க செத்தாங்க. எத்தனை பேருக்கு எத்தனை ரூம், வெளியே வர எத்தனை வழி என்று கேட்கறது பெத்தவங்க வேலையும்தான்.

அதைக் கேட்கற இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதுல நாலில் மூணு பங்கு பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும் என்று சட்டமே சொல்லுது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதறதும் அந்தக் குழுதான். நாங்க பதினாலு அம்மாங்க இரண்டா பிரிஞ்சு இரண்டு பள்ளிக் கூட்டத்துக்கும் போனோம். டவுன் பள்ளித் திட்டத்துல வகுப்பறையும் கழிப்பறையும், எங்க ஊர்ப் பள்ளித் திட்டத்துல டீச்சரும் கேட்டு எழுத வச்சோம். கிராம சபையிலும் தீர்மானம் போட்டோம். "வெறும் கையோட கேட்டா நடக்காது, எண்ணிக்கை காட்டணும்" என்றார் தலைமை ஆசிரியர். வீடு வீடா போய்ப் பேசினோம். முதல்ல எல்லாரும் கேட்டது, "உன் பிள்ளையை எங்கே சேர்க்கப் போறே?" என்றுதான்.

நியாயமான கேள்வி. அதனால இந்த ஜூன் மாசம் என் சின்னப் பொண்ணை ஆறாவதுக்கு எங்க ஊர்ப் பள்ளியிலேயே விட்டுட்டேன். பயமாத்தான் இருந்தது. என்னைப் பார்த்து இன்னும் சிலர் விட்டாங்க. இப்போ மூணு வகுப்புலயும் சேர்த்து 41 பிள்ளைங்க. டவுன் பள்ளியில புதுசா கழிப்பறை கட்டியாச்சு, பெரியவ பாட்டில் இப்போ காலியா வருது. வகுப்பறை இன்னும் வரலை. எங்க ஊருக்கு டீச்சரும் இன்னும் வரலை. கேட்டுக்கிட்டே இருக்கோம்.

இங்கே இருக்கிற ஒவ்வொரு குழுவையும் நான் கேட்டுக்கிறது ஒண்ணுதான். ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி உங்க ஊர்ப் பள்ளிக்கு ஒருதரம் போங்க. பிள்ளைங்களை எண்ணுங்க, வகுப்பறையை எண்ணுங்க, கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்க. பார்த்ததை மேலாண்மைக் குழுவுல எழுத வையுங்க. கடன் பாக்கியை ஒரு ரூபாய் விடாம எண்ணுற நமக்கு இது பெரிய கணக்கு இல்லை.