படைப்பும் படியெடுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனிதனைப் படியெடுக்கலாமா என்னும் விடயத்தை இச்சபையில் ஆராய விழைகின்றோம். இதனைக் குளோனிங் என்பர். சிறு கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் பழையதே. வாழைக்குட்டியைப் பெயர்த்து நடுகின்றோம். மரவள்ளித் தடியை வெட்டி ஊன்றுகின்றோம். அங்ஙனம் முளைப்பது தாய்மரத்தின் படியேயாகும். மனிதரிலும், ஒரே சூலிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர் ஒருவர்க்கொருவர் படியே. எனினும் அவர்களின் கைரேகைகூட ஒன்றாயிருப்பதில்லை. இதனைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1996 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்கொத்லாந்தின் றொஸ்லின் நிலையத்திலே டொலி என்னும் செம்மறியாடு பிறந்தது. ஆறு வயதுப் பெண்ணாடொன்றின் மடியிலிருந்து ஒரு கலத்தை எடுத்தனர். வேறோர் ஆட்டின் சூலிலிருந்து அதன் கருவை நீக்கிவிட்டு, இம்மடிக்கலத்தை மின்சாரத்தின் உதவியால் அதனோடு இணைத்தனர். மூன்றாவதோர் ஆடு அதனைச் சுமந்து ஈன்றது. இங்ஙனம் இணைத்த சூல்கள் 277. முளையமாக வளர்ந்தவை 29. அவற்றை 13 ஆடுகளின் வயிற்றில் வைத்தனர். பிறந்தது ஒன்றே.

எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பார் கேட்டு மகிழத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. இந்தியாவில் கர்னால் தேசியப் பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் 2009 இல் எருமையைப் படியெடுத்தனர். முதற்கன்று ஒரு கிழமைக்குள் இறந்தது. அடுத்துப் பிறந்த கரிமா இரண்டாண்டு உயிர் வாழ்ந்தது. 2010 இல் பிறந்த இரண்டாம் கரிமாவோ 2013 இல் தானே கன்றீன்றது. நல்ல பாலெருமையைப் பெருக்க இது உதவுமாயின் நாம் குறைகூறோம். ஆனால் இறந்து பிறந்த கன்றுகளைப் பட்டிக்காரன் நட்டக் கணக்கில் எழுதுவான். மனிதத் தாயின் வயிற்றில் நேர்வதை எக்கணக்கில் எழுதுவது? சீன நாட்டார் 2018 இல் அறிவித்த குரங்குகளிலும் இதே நிலைதான்: 79 முளையங்கள், 21 தாய்க்குரங்குகள், 2 குட்டிகள். மனிதப்படி பிறந்ததென 2002 இல் ஒரு கூட்டத்தார் முழங்கினர். சான்று இன்றுவரை வந்திலது.

ஹால்டேன் என்னும் பேரறிஞர் இந்தியாவிற் குடியேறி, 1964 இல் புவனேசுவரத்திற் காலமானவர். 1962 இல் இலண்டன் மகாநாடொன்றில், திறமையை நிலைநாட்டிய பெரியோரைப் படியெடுக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். அவரிடம் நமக்கு மதிப்பு உண்டு, இக்கருத்தில் இல்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் கலமொன்று கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பிறக்கும் பிள்ளை முகத்தால் அடிகளை ஒக்கலாம். அவர் விஞ்ஞானம் பயின்ற காலமும், துறவு பூண்ட மனமும், யாழ் நூலுக்காக உழைத்த ஆண்டுகளும் கலத்தில் ஏது? அப்பிள்ளை உதைபந்தாட்டத்தில் ஆசைகொண்டால், “அடிகளின் படி இப்படியா?” என்று ஊரார் ஏசுவர். பாவம், அது யாருடைய குற்றம்?

புகழாசையை விட்டுத் துயரத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நம் கரையோரம் இழந்த பிள்ளைகள் எத்தனை! அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பச்சிளங்குழந்தை 81 ஆவதாகப் பதியப்பட்டது. தாய்மார் பலர் தம் பிள்ளையென உரிமை கோரியதாகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றப் பணிப்பின்படி நடந்த டீ.என்.ஏ. சோதனையே 2005 பெப்ரவரியில் பெற்றோரைத் தெளிவாக்கியது. போன பிள்ளையைத் திரும்பப் பெறலாம் என்று எவராயினும் சொன்னால், எத்தாய்தான் செவி சாய்க்காள்? ஆயினும் படியெடுப்பால் வருவது போன பிள்ளையன்று. அதற்குப் பின் பிறந்த இரட்டை. இறந்தவனின் சட்டையைப் போட்டு, அவன் படத்தின் கீழே இருத்தி, அவனைப்போலச் சிரிக்கும்படி ஒரு குழந்தையைக் கேட்பது கொடுமையல்லவா? எமது மறுப்பு முக்கியமாக இவ்விடத்திலேதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பகுதியிற் குடி தாய்வழி வருவது. ஆலய உரிமைகளும் குடிவழியே. படியெடுத்த பிள்ளைக்குக் கலம் தந்தவள், சூல் தந்தவள், சுமந்தவள் என மூவர் இருக்கலாம். கலத்தின் கருவிலுள்ள பரம்பரைச் செய்தி ஒருத்தியுடையது; இழைமணிகளின் சிறு செய்தியோ பெரும்பாலும் சூல் தந்தவளுடையது. ஆணின் கலமாயின் தகப்பன், தமையன் என்ற முறையே குழம்பிவிடும். வண்ணக்கர்மார் எந்தக் குடியில் எழுதுவரோ! விளையாட்டாகச் சொன்னாலும், சூல் தருபவள் யார் என்பது விளையாட்டன்று. தென் கொரியாவில் ஹுவாங் என்பவர் மனித முளையத்தைப் படியெடுத்ததாகச் சொன்னது பொய்யென்று 2006 இல் வெளியாயிற்று. அவரிடம் வேலைசெய்த இளம்பெண்களும் சூல் கொடுத்திருந்தமை தெரியவந்தது. வறிய நாடுகளின் பெண்கள்மீது இச்சுமை விழுமோ என அஞ்சுகின்றோம்.

காந்தாரியின் நூறு குடங்களைக் காட்டி, “எல்லாம் எம்மிடம் முன்பே இருந்தது” என்பாருளர். நூற்றுவரும் ஒருவர்க்கொருவர் படியென்று பாரதம் சொல்லவில்லை. இத்தகைய பெருமை நமக்கு வேண்டாம்.

அன்பர்களே, கல ஆராய்ச்சி முழுவதையும் தள்ளுமாறு நாம் கூறவில்லை. ஜப்பானியராகிய யாமனக்கா 2006 இல் எலியின் கலங்களையும், மறு ஆண்டில் மனிதத் தோற்கலங்களையும், சூலின்றியே இளங்கலமாக மாற்றினார். 2012 இல் நோபல் பரிசும் பெற்றார். நோய் தீர்க்க அவ்வழி திறந்திருக்கின்றது. பிள்ளை பெறுவதற்காக மனிதனைப் படியெடுத்தல் ஆகாதென 1997 இலேயே யுனெஸ்கோ பிரகடனம் செய்தது. அதனை நாமும் ஆதரிக்கின்றோம். தடையை மீறி எங்கோ ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், அதுவும் மனிதப் பிள்ளையே. அதற்கெனத் தனிப்பெயர் வைத்து, விஜயதசமியில் ஏடு தொடக்கி, அது எதுவாக வளர்கின்றதோ அப்படியே வளரவிட வேண்டும்.