சோகி விழுந்த பிறகு

தாயக் கட்டத்துக்கு முன்னால் இருந்து, "எனக்கு மட்டும் தாயம் விழுறதே இல்லை" என்று சலித்துக்கொள்ளாதவர் நம்மில் யார்?

நாலு சோகி எடுங்கள். வாய் மேலே பார்க்க விழுந்தவற்றைத்தானே எண்ணுவோம்? நாலும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் இரண்டு வருவது 6 விதம். தாயம், அதாவது ஒன்று, 4 விதம், மூன்று 4 விதம். நாலு ஒரே விதம். எல்லாம் கவிழ்ந்து விழுந்தால் எட்டு, அதுவும் ஒரே விதம்.

இனிக் கட்டத்தைப் பாருங்கள். எதிராளியின் காய் இரண்டு கட்டம் பின்னால் நின்றால், ஒரே எறியில் நீங்கள் வெட்டுப்பட 16இல் 6 வாய்ப்பு. நாலு கட்டம் பின்னால் என்றால் 16இல் 1தான். ஓடுவதா, நிற்பதா, வேறு காயை இறக்குவதா? விளையாட்டே இங்கேதான் இருக்கிறது.

பேசாலைப் பக்கம் நான் கணிதம் படிப்பித்த காலத்தில் இதைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்து ஒரு பெடியன், "சேர், சோகி என்ன காசா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழ?" என்றான். கேள்வி என்றால் அது கேள்வி! சோகியின் முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் தட்டை. நான் சொன்ன 16இல் 6, 16இல் 1 எல்லாம் பக்கச் சார்பில்லாத சோகிக்கு. பிறகு பிள்ளைகள் எறிந்து எறிந்து கொப்பியில் குறித்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சோகிக்கும் ஒவ்வொரு பழக்கம். உங்கள் ஆச்சி "ராசியான சோகி" என்று பொத்தி வைத்திருந்தால் சிரிக்காதீர்கள். பல வருடம் கவனித்த கணக்கு அது.

நம் கரையில் இதைவிடப் பெரிய ஆட்டமும் நடந்தது. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா, யாருக்குத் தெரியும்? அதனால்தான் முன்கூட்டியே கொஞ்சம் மாதிரி எடுத்து, திறந்து, மதிப்புப் போட்டார்கள். 1906இல் ஓர் ஆங்கிலக் கொம்பனி முத்துப்பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பல வருடம் பார்களில் போதிய சிப்பி இல்லை, கொம்பனி நொடித்துப்போனது. எல்லாக் காயையும் ஒரே கட்டத்தில் வைத்த ஆட்டம் அது.

எறி நம் கையில் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். வருகிற விடுமுறையில் பிள்ளைகளோடு இருந்து நாலு சோகி எறியுங்கள். ஒவ்வொரு எறியையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.