புகையடக்கும் பொறிகளும் தொழிலாளர் பாதுகாப்பும்

பாரம் நிறைந்த லொறியொன்று மேட்டில் ஏறும்பொழுது பின்புறம் கரும்புகையைக் கக்கிச் செல்வதை, அதன் வலிமைக்கு அடையாளமென்று மக்கள் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. உண்மையில் அப்புகை வலிமையின் அடையாளமன்று. எரிய வேண்டிய எண்ணெய் முற்றாக எரியாமற் போனதற்கு அது சான்று. தெருவில் நடப்போரின் நெஞ்சிலும், வண்டியைப் பழுதுபார்ப்போரின் நெஞ்சிலும் அப்புகை நாள்தோறும் படிந்து வந்தது. டீசல் எஞ்சினின் புகை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது.

இந்த எஞ்சினுக்குத் தம் பெயரை அளித்தவர் ருடோல்வ் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். 1897ஆம் ஆண்டில் அவுக்ஸ்பேர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றியுடன் இயங்கிக் காட்டியது. பெற்றோல் எஞ்சினில் எரிபொருளை ஒரு தீப்பொறி கொளுத்துகின்றது. டீசல் எஞ்சினிலோ தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மிக இறுக்கமாக அமுக்கப்படுகின்றது; அமுக்கப்பட்ட காற்று தானே கொதிப்படைகின்றது; அக்கொதிப்பில் எண்ணெயைத் துளித்துளியாகப் பீச்சியவுடன் அது பற்றிக்கொள்கின்றது. எண்ணெய்த் துளிகள் செறிந்திருக்கும் இடத்தில் ஒட்சிசன் போதாமையாற் புகைக்கரி உண்டாகின்றது. வெப்பம் மிகுந்த இடத்திலோ காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் என்னும் நச்சு வாயுக்கள் உண்டாகின்றன. வெப்பத்தைக் குறைத்தாற் கரி கூடும். கரியைக் குறைத்தால் வாயு கூடும். பொறியியலாளர் நெடுங்காலம் இந்த இருதலைக் கொள்ளியில் அகப்பட்டிருந்தனர்.

இரண்டையும் எஞ்சினுக்குள்ளேயே முற்றாகத் தடுப்பது அரிதாகையால், வெளிவரும் புகையை வழியில் மறித்துத் தூய்மை செய்யும் முறை எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டின் விதிகள் கரித்துணிக்கைகளையும், 2010ஆம் ஆண்டின் விதிகள் நைதரசன் ஒட்சைட்டுகளையும் கடுமையாகக் கட்டுப்படுத்தின. ஐரோப்பாவில் பாரவண்டிகளுக்குரிய யூரோ 6 விதிகள் 2013ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் அவற்றையொத்த பாரத் 6 விதிகள் 2020ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அமுலாயின. இதனால் இக்காலத்துப் பாரவண்டியின் புகைக்குழாய் வெறுங் குழாயாக இல்லை. ஒரு சிறிய இரசாயனத் தொழிற்சாலையே அதனுள் அடங்கியிருக்கின்றது.

அத்தொழிற்சாலையின் முதல் அறை ஒட்சியேற்ற ஊக்கி எனப்படும். பிளாற்றினம் முதலிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட இவ்வறையில் காபனோரொட்சைட்டும், எரியாத எண்ணெய் ஆவியும் எரிந்து அழிகின்றன. நைதரிக்கொட்சைட்டின் ஒரு பகுதி நைதரசனீரொட்சைட்டாக மாறுவதும் இங்கேதான். அடுத்த அறை புகைக்கரி வடிகட்டி. தொழிலாளர் இதனை டீ.பீ.எவ். என்று அழைப்பர். தேன்கூட்டைப் போன்று நுண்ணிய கால்வாய்கள் நிறைந்த களிமண் வகைப் பொருளால் இது ஆயது. ஒரு கால்வாயின் முன்வாய் அடைக்கப்பட்டிருந்தால், அடுத்ததின் பின்வாய் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே வாயு சுவரினூடே புகுந்தே வெளியேற வேண்டும். கரி சுவரிலே தங்கிவிடும். மூன்றாவது அறையில், நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த தூயநீர் பீச்சப்படுகின்றது. அட்புளூ என்ற பெயரால் விற்கப்படுவது இதுவே. வெப்பத்தில் யூரியா அமோனியாவாகப் பிரிந்து, நைதரசன் ஒட்சைட்டுகளைத் தீங்கற்ற நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகின்றது.

ஊராரின் சுவாசத்தைக் காக்கும் இக்கருவிகளே, அவற்றைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளருக்குப் புதிய ஆபத்துகளையும் கொண்டுவந்துள்ளன. வெப்பம், வாயு, சாம்பல், அமுக்கம், பாரம் என்று அவற்றை ஐந்தாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது வெப்பம். வடிகட்டியிற் சேரும் கரியை இடையிடையே எரித்தொழித்தல் வேண்டும். நெடுஞ்சாலையிற் பாரத்துடன் ஓடும் வண்டியில் இது பெரும்பாலும் தானாகவே நிகழும். நகரத்துள் நின்று நின்று ஓடும் வண்டியிலோ, மேலதிக எண்ணெயைப் புகைவழியிற் செலுத்தி வெப்பத்தை உயர்த்த வேண்டியிருக்கும். அப்பொழுது வடிகட்டியின் உள்வெப்பம் 600 பாகை செல்சியசை அண்மிக்கும். உலர்ந்த புல் பற்றிக்கொள்வதற்கு அதன் பாதி வெப்பமே போதுமானது. ஆகவே வண்டியை நிறுத்திவைத்து இவ்வெரிப்பை நடத்தும்பொழுது, திறந்த வெளியில், சீமெந்துத் தரையின் மேல், புல், சருகு, எண்ணெய்த் துணி, மரப்பலகை ஆகியவற்றுக்கு அப்பால் நிறுத்துதல் வேண்டும். புகைக்குழாயின் வாய்க்கு எதிரே எவரும் நிற்றலாகாது. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பிறேக்கை இறுக்கி, எரிப்பு முடியும்வரை ஒருவர் அருகிலிருந்து கண்காணித்தல் வேண்டும். எரிப்பு முடிந்து எஞ்சின் நின்ற பின்னரும் உலோகம் நெடுநேரம் வெந்துகொண்டே இருக்கும். நிறத்தைக் கொண்டு அதன் வெப்பத்தை அறிய இயலாது. பார்வைக்குக் குளிர்ந்த இரும்பாகத் தோன்றுவது தொட்ட கையைப் பொசுக்கிவிடும். ஆதலால் வெப்பமானி கொண்டு அளந்தறியாமல் அவ்வுறுப்பிற் கைவைத்தல் தகாது.

இரண்டாவது வாயு. கரிய புகை வெளிவந்த காலத்தில் அது கண்ணை எரித்துத் தன் வரவைத் தானே அறிவித்தது. இன்றைய வண்டியின் புகை கண்ணுக்குப் புலப்படாது. கண்ணுக்குப் புலப்படாதது தீங்கற்றது என்று கருதுவதே பெரும் பிழை. ஒட்சியேற்ற ஊக்கிக்குப் பின்னால் நைதரசனீரொட்சைட்டின் விகிதம் கூடியிருக்கும் என்பது மேலே கூறப்பட்டது. அவ்விடத்து மூட்டொன்று தளர்ந்திருக்க, மூடிய கராஜினுள் எஞ்சினை ஓடவிட்டால், அவ்வாயு அறையிற் பரவும். அதன் கொடுமை என்னவெனில், சுவாசித்த வேளையில் சிறிது இருமலை மட்டும் உண்டாக்கிவிட்டு, பல மணித்தியாலங்கள் கழிந்த பின்னரே நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். மாலையில் நலமாக வீடு சென்ற தொழிலாளி இரவில் மூச்சுக்குத் திணறுவான். ஆகவே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதெனில் திறந்த வெளியில் ஓட்டுதல் வேண்டும். அன்றேல் புகையை வெளியே இழுக்கும் குழாயைப் பொருத்துதல் வேண்டும். அக்குழாயும் இவ்வெரிப்பின் வெப்பத்தைத் தாங்கவல்லதாக அமைதல் அவசியம். வாயுவைச் சுவாசித்த ஒருவருக்கு நெஞ்சு இறுகுமாயின், நேரந் தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் சென்று, என்ன வாயு என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

மூன்றாவது சாம்பல். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. எஞ்சினின் மசகெண்ணெயிற் கலந்துள்ள கல்சியம், நாகம், பொசுபரசு முதலியவற்றின் எச்சமே அச்சாம்பல். நெடுந்தூரம் ஓடிய வண்டியில் அது வடிகட்டியின் கால்வாய்களை அடைத்துவிடும். அப்பொழுது வடிகட்டியைக் கழற்றித் துப்புரவு செய்தல் வேண்டும். அமுக்கிய காற்றைக் கொண்டு திறந்த வெளியில் அதனை ஊதித் தள்ளுவது எளிய வழிபோலத் தோன்றும். ஆயின் அச்சாம்பல் மாவினும் மெல்லியது. கண்ணையும் தோலையும் சுவாசக் குழாயையும் அரிப்பது. அதற்கென அமைக்கப்பட்ட மூடிய பெட்டியில், நுண்டூசியைப் பிடிக்கும் வடிகட்டியுடன் கூடிய இயந்திரத்தாலேயே அதனை அகற்றுதல் வேண்டும். தரையிற் சிந்தியதைத் துடைப்பத்தாற் கூட்டாது, அத்தகைய வடிகட்டியுள்ள உறிஞ்சியால் எடுத்தல் நலம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முகத்திற் சரியாகப் பொருந்தும் சுவாசக் கவசம் ஆகியவை இன்றியமையாதவை. சேர்த்த சாம்பலை மூடிய கலத்தில் வைத்து, அவ்வவ்விடத்துக் கழிவு விதிகளின்படி ஒப்படைத்தல் வேண்டும். வடிகட்டியின் உள்ளுடல் மண்சட்டியைப் போன்று உடையக்கூடியது. தட்டிச் சாம்பலை உதிர்க்க முயல்பவன் விலையுயர்ந்த பொருளை ஒரே தட்டில் ஓட்டாஞ்சல்லியாக்கிவிடுவான்.

நான்காவது அமுக்கம். இக்காலத்து டீசல் எஞ்சினில் எண்ணெய் ஈராயிரம் வளிமண்டலத்தையும் எட்டும் அமுக்கத்தில் நிற்கின்றது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளை வழியே பீச்சும் அவ்வெண்ணெய் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளியொன்றே காணப்படினும், உள்ளே தசை அழுகத் தொடங்கும். விரைந்து அறுவைச் சிகிச்சை செய்யாவிடின் கையையே இழக்க நேரும். ஒழுக்கைத் தேடும்பொழுது கையாற் தடவாது கடதாசி அட்டையைப் பயன்படுத்துதல் இதனாலேயே. புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பிலே அதனைக் குளிர்விக்கும் கருவி ஒன்று உண்டு. அதனுள் ஓடுவது கொதிநிலையிலுள்ள நீர். எஞ்சின் ஆறுமுன் அதன் குழாயைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். யூரியா நீரைப் பீச்சும் பம்பியோ, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திய பின்னரும் சில நிமிடங்கள் ஓடி, குழாயிலுள்ள நீரைத் தொட்டிக்கு மீட்கும். அது ஓய்வதற்குள் பற்றரியைத் துண்டித்தால், எஞ்சிய நீர் உறைந்து உப்பாகிப் பீச்சியை அடைத்துவிடும். மைனஸ் 11 பாகையில் அது பனிக்கட்டியாகவும் உறையும். ஆகவே சிறிது பொறுத்துப் பற்றரியைத் துண்டித்து, சாவியைத் தொழில் செய்பவரே தம்வசம் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

யூரியா நீர் தன்னளவிற் கொடிய நஞ்சன்று; தோலிற் பட்டாற் கழுவினாற் போதும். ஆயின் அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். டீசல் அளந்த பாத்திரத்தால் அதனை அளப்பதும், அதன் தொட்டியில் டீசலை ஊற்றுவதும் பெருங்கேடு. தவறி ஊற்றியதை உணர்ந்தவுடன் எஞ்சினை இயக்காது தொட்டியை வெறுமையாக்குதலே வழி.

ஐந்தாவது பாரம். உலோக உறையோடு கூடிய வடிகட்டி தனியொருவர் மார்பின்மீது ஏந்தத்தக்க பொருளன்று. ஜாக்கியோ தூக்கியோ தாங்கிநிற்க, இருவர் சேர்ந்து இறக்குதல் வேண்டும். அதனைப் பற்றியிருக்கும் வளையக் கிளாம்ப் இறுகிய வில்லைப் போன்றது. ஆணி தளர்ந்தவுடன் தெறித்து முகத்திற் பாயவும் கூடும். மீண்டும் பூட்டும்போது புதிய காஸ்கட்டை இட்டு, வாயு செல்லும் திசையைக் குறிக்கும் அம்பைப் பார்த்து, தயாரிப்பாளர் கூறிய அளவுக்கே இறுக்குதல் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் மேலான பாதுகாப்பு, நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து செய்தலாகும். வடிகட்டி அடைபட்டது என்று விளக்கு எரிந்தவுடன் எரிப்பைத் தொடங்குவது அறிவுடைமையன்று. டர்போவின் அடைப்பு வழியே மசகெண்ணெய் ஒழுகியிருக்கலாம். எண்ணெய் பீச்சி பழுதாகியிருக்கலாம். அமுக்கத்தை அளக்கும் உணரியின் இறப்பர்க் குழாய் வெடித்துப் பொய் சொல்லியிருக்கலாம். எண்ணெயில் ஊறிய வடிகட்டியை வண்டியிலேயே எரிக்க முற்பட்டால், அடங்காத் தீ மூண்டு வடிகட்டி உருகும், வண்டியும் எரியும். அத்தகைய வடிகட்டியைக் கழற்றித் தனியே துப்புரவு செய்தலே முறை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் கூறியது கராஜுக்கும் பொருந்தும்.

இத்தனை தொல்லையும் எதற்கு, வடிகட்டியை அறுத்தெறிந்து வெறுங் குழாயைப் பொருத்திவிடலாமே என்று எண்ணுவோரும் உளர். ஐக்கிய அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் இதனைத் தடைசெய்கின்றது. எனினும் அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இக்கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. அகற்றியவர் செலவை மிச்சப்படுத்தினார் எனலாம். அச்செலவு மறைந்துபோகவில்லை. தெருவோரப் பள்ளிக்கூடத்துக் குழந்தையும், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரும், அதே கராஜில் நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளியும் அதனைத் தம் மூச்சினாற் செலுத்துகின்றனர்.

டீசல் எஞ்சின் நெல்லையும் மருந்தையும் மனிதரையும் ஊர்விட்டு ஊர் சுமந்து செல்கின்றது. அதன் புகையை அடக்கும் கருவி பிறர் நலத்துக்காக அமைந்தது. அக்கருவியைப் பேணுபவரின் கண்ணும் கையும் நெஞ்சும் பேணப்பட்டாலன்றி அந்நலம் முழுமை பெறாது. ஆறுவதற்கு ஒரு மணித்தியாலம் பொறுத்தலும், அணிவதற்கு ஒரு கவசம் வாங்கித் தருதலும் பெரிய செலவுகளல்ல. தொழிலாளி அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்குமுன் கொடுப்பது முதலாளியின் கடமை.