அவசரத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

"கம்ப்யூட்டரில் புக்மார்க் வைப்பது பற்றிப் பேசுங்கள் மேடம்" என்று செயலாளர் கேட்டபோது தயங்கினேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. "உங்களுக்கு நடந்ததைச் சொன்னாலே போதும்" என்றார். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. சி பிளாக் தம்பி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இன்ஷூரன்ஸ் பாலிசி எண் கேட்டார்கள். அதெல்லாம் எப்போதும் அவர்தான் பார்ப்பார். அவரோ ஐசியூவுக்குள். நான் வீட்டுக்கு ஓடிவந்து அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

புக்மார்க் பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. "ஹோம்", "வெல்கம்", "லாகின்", மறுபடியும் "லாகின்". எந்த லாகின் எதற்கு? நடுவே வாழைப்பூ வடை, காசி யாத்திரை, மிக்ஸி ஜார் விலை. பதற்றத்தில் கம்பெனி பெயரைத் தேடலில் அடித்தேன். மேலே வந்த லிங்கில் ஒரு போன் நம்பர் இருந்தது. பேசியவர் ரொம்ப மரியாதையாக, "ஒரு ஆப் இறக்குங்கள் அம்மா, உங்கள் போனை இங்கிருந்தே பார்த்துச் சரிசெய்கிறோம், பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள்" என்றார். நானும் அனுப்பத்தான் போனேன். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மாமியின் பேத்தி போனை வாங்கிக் கட் பண்ணினாள். "பாட்டி, இது இன்ஷூரன்ஸ்காரங்க இல்லை" என்றாள்.

அன்று பாலிசி கிடைக்கவில்லை. கையிலிருந்த பணத்தைக் கட்டினோம். அவர் நன்றாகி, இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன முதல் விஷயம், "அந்த புக்மார்க்கை எல்லாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணலாம்" என்பதுதான்.

ஒரு மாதம், தினமும் அரை மணி நேரம் செய்தோம். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், புக்மார்க் என்பது வெறும் விலாசம். வீடு இடிந்துபோனால் விலாசத்தை வைத்து என்ன செய்வது? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷம் கழித்துத் திறக்கவில்லையாம். எங்கள் பட்டியலிலும் பழையவை நிறைய செத்துப்போயிருந்தன. பக்கங்களைச் சேமித்துப் படிக்க உதவிய பாக்கெட் என்ற சேவையையே மொசில்லா 2025 ஜூலையில் மூடிவிட்டது. ஆகவே உண்மையிலேயே தேவையானதைப் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல், பி அழுத்துங்கள். பிரிண்டர் இருக்கும் இடத்தில் "சேவ் ஆஸ் பிடிஎஃப்" தேர்ந்தெடுத்தால் போதும். வரி ரசீது, பாலிசி, கட்டணம் கட்டிய அத்தாட்சி எல்லாம் இப்படித்தான்.

பெயரில் வருஷத்தை முதலில் போடுங்கள். "2025-04-10 சொத்து வரி" என்று வைத்தால் ஃபைல்கள் தேதி வரிசையில் தானாக நிற்கும். இல்லாவிட்டால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் "ரசீப்ட் 1, ரசீப்ட் 2" என்று குவிந்துகிடக்கும்.

இரண்டாவது, ஃபோல்டர்கள். என் கணவர் முதலில் "பேங்க்", "அரசு", "மருத்துவம்", "ஆன்மிகம்" என்று பதினெட்டு ஃபோல்டர் போட்டார். பென்ஷன் பக்கம் பேங்கிலா, அரசிலா? அவருக்கே குழப்பம். கடைசியில், எப்போது தேவைப்படும் என்பதை வைத்துப் பிரித்தோம். நான்கே ஃபோல்டர்.

"அவசரம்": இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரி, பேங்க் கார்டை முடக்கும் பக்கம்.

"அடிக்கடி": இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில், கேஸ், நம் பராமரிப்புக் கட்டணம்.

"வருஷத்தில் சில தடவை": அரையாண்டு சொத்து வரி, வருமான வரி, நவம்பரில் பென்ஷன்காரர்கள் கொடுக்கும் ஜீவன் பிரமாண் சான்று.

"படிக்க": வடையும் யாத்திரையும் இங்கே.

மிச்சத்தை யோசித்து நேரத்தைப் போக்காமல் "பழசு" என்று ஒரே ஃபோல்டரில் தள்ளிவிட்டோம். தேவைப்பட்டால் அதில் தேடிக்கொள்ளலாம். க்ரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் திறக்கும். பிடித்து இழுத்து ஃபோல்டரில் போடலாம், மேலே தேடவும் செய்யலாம். நான்கு ஃபோல்டரையும் புக்மார்க் பாரில் வைத்தால் எப்போதும் கண்முன் இருக்கும். பார் தெரியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி.

மூன்றாவது, பெயர். தளம் கொடுக்கும் பெயரை அப்படியே விடாதீர்கள். ரைட் கிளிக் செய்து "எடிட்" போய், "லாகின்" என்பதை "ஹெல்த் இன்ஷூரன்ஸ், நம் இருவர் பாலிசி" என்று தமிழிலேயே எழுதலாம். பாஸ்வேர்டை மட்டும் அங்கே எழுத வேண்டாம்.

நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒழுங்காக வைத்த புக்மார்க் மோசடியிலிருந்தும் காப்பாற்றும். ஒவ்வொரு தடவையும் தேடலில் அடித்தால், மேலே விளம்பரமாகப் போலித் தளமும் வரலாம். ஒரே ஒரு முறை பில்லிலோ பாலிசியிலோ அச்சாகியிருக்கும் விலாசத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்து, சரிபார்த்து, கண்ட்ரோல், டி அழுத்திச் சேமித்துவிடுங்கள். பிறகு எப்போதும் அதன் வழியாகவே போங்கள். அரசுத் தளம் என்றால் பெரும்பாலும் "ஜிஓவி டாட் இன்" என்று முடியும். விலாசத்தில் எச்டிடிபிஎஸ் இருக்கிறது என்பதால் மட்டும் தளம் நிஜமானது ஆகிவிடாது. போலிக்காரர்களும் அதை வாங்கிவிடலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். அந்த எண் எங்கள் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கிறது.

ஐந்தாவது, நகல். எங்கள் பழைய லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தபோது, கேட்காமலே ஃபார்மெட் பண்ணித் திருப்பித் தந்தார்கள். அதிலிருந்த எல்லாம் போச்சு. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புக்மார்க் மேனேஜரில் மூன்று புள்ளியைத் தொட்டு "எக்ஸ்போர்ட்" செய்கிறோம். ஒரு சின்ன ஃபைல் வரும். அதையும் பிடிஎஃப்களையும் பென் டிரைவில் போட்டு வைக்கிறோம். கூகுள் கணக்கில் சிங்க் இருக்கிறதே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் ஓரிடத்தில் தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும். பென் டிரைவில் இருப்பது அழியாது.

கடைசியாக ஒன்று. இத்தனையும் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அன்றிரவு நான் நின்ற மாதிரிதான் இன்னொருவரும் நிற்பார். எங்கள் வீட்டில் பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். பாலிசி எண், கம்பெனியின் சரியான போன் நம்பர், பென் டிரைவ் இருக்கும் இடம், புக்மார்க்கில் எந்த ஃபோல்டர். அவ்வளவுதான். மாதத்தில் ஒரு பில்லை நான் கட்டுகிறேன், அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். சொல்லித்தராமல் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கஷ்டம்தான், பழகிக்கொண்டார்.

எல்லாவற்றையும் இன்றே செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போனதும் "அவசரம்" என்று ஒரு ஃபோல்டர் மட்டும் போடுங்கள். அதில் மூன்று பக்கம் வையுங்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு, அதை அவரையே திறக்கச் சொல்லுங்கள். அவர் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லேப்டாப்போடு சங்க அறைக்கு வாருங்கள். என் கணவரும் நானும் இருப்போம். அந்தப் பேத்தியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.