மார்க்கும் யோக்கியதையும்

(உதகமண்டலத்தில் தோட்டத் தொழிலாளரும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் பேசியது)



பகலெல்லாம் கொழுந்து பறித்துக் கை ஓய்ந்த பின்பும், இந்தக் குளிரில் இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோஷமாயிருக்கிறது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். "படிப்பு நல்லது, படிக்க வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. லயன் வீட்டில் குடியிருந்துகொண்டு, அரை வயிறு உண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பெரிய கல்லூரியின் வாசலில் போய் நின்றால் "உன் மார்க்கு போதாது" என்கிறார்களே, அந்த மார்க்கு என்பது என்ன, அதற்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இன்று மத்தியானம் இங்கே ஒரு டீக்கடையில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார்: "ஐயா, அரசுப் பள்ளியில் படித்தவனுக்கென்று நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கிக் குறைந்த மார்க்கில் டாக்டருக்குப் படிக்க விடுகிறார்களே, நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன் என்றால் அவனிடம் போவீர்களா?" என்றார். அவர் குதர்க்கமாய்க் கேட்கவில்லை. பலர் மனதில் இருப்பதைத்தான் கேட்டார். ஆதலால் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் இந்த ஊரைப் பாருங்கள். வெயில் காலத்தில் சென்னை சர்க்காரே மலையேறி வந்து தங்கிய ஊர் இது. 1858ல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட பள்ளிக்கூடம் லவ்டேலில் இன்றும் இருக்கிறது; அதைப்போல விடுதியோடு கூடிய பள்ளிகள் இன்னும் பல இருக்கின்றன. தேசமெங்குமிருந்து பணக்காரர் பிள்ளைகள் படிப்பதற்கென்றே இந்த மலைக்கு வருகிறார்கள். இதே மலையில்தான் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1964ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேற்றப்பட்டு, சர்க்கார் தேயிலைத் தோட்டத்தில் குடிவைக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் யானை நிற்கிறதா என்று பார்த்துத்தான் பிள்ளை பள்ளிக்குப் புறப்பட வேண்டும். மழையில் மண் சரிந்தால் பஸ் இல்லை. பஸ் இல்லையென்றால் அன்றைக்குப் பாடமும் இல்லை.

இந்த இரண்டு விதப் பிள்ளைகளையும் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து உட்கார வைத்து, "பார், எல்லாருக்கும் சமம்" என்கிறார்கள். கேள்வித்தாள் சமந்தான். வந்த வழி சமமா?

தாய்மார்களே, உங்கள் தொழிலைக் கொண்டே சொல்லுகிறேன். நல்ல கொழுந்து விட்ட, மட்டமான காட்டில் பறித்தவள் கூடையில் 30 கிலோ இருக்கிறது. கவாத்து வெட்டி அப்போதுதான் துளிர்க்கிற செடியில், செங்குத்துச் சரிவில் நின்று பறித்தவள் கூடையில் 22 கிலோ இருக்கிறது. தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் யார் கெட்டிக்காரி என்று அந்தத் தராசு சொல்லிவிட்டதா? எந்தக் காட்டில் பறித்தாய் என்று கேளாமல் அதைத் தீர்மானிக்க முடியுமா? கொழுந்துக்கு உள்ள இந்த நியாயம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை?

இது என் கற்பனையல்ல. நீட் பரீட்சையின் பலனை ஆராயத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021ல் ஓய்வு பெற்ற ஜட்ஜி ஏ.கே. ராஜன் தலைமையில் ஒரு கமிட்டி வைத்தது. வைத்தியக் கல்லூரியில் இடம் பெற்றவர்களில், ஒரு தடவைக்கு மேல் பரீட்சை எழுதினவர்கள் 2016-17ல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21லோ நூற்றுக்கு 71 பேர் என்று அந்தக் கமிட்டி கணக்குக் காட்டிற்று. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சம்பாதிக்காமல் வீட்டிலிருந்து, கோச்சிங்கிற்குப் பணம் கட்டி, மறுபடி மறுபடி எழுதக்கூடியவன் யார்? கொழுந்து பறிக்கிறவள் மகனா? ஆகவே மார்க்கு என்பதில் பிள்ளையின் மூளையும் இருக்கிறது, தகப்பனின் பணமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாய்க் கலந்து நிறுத்து, மொத்தத்துக்கும் "தகுதி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நீட் இல்லாத காலத்தில் எல்லாம் சரியாயிருந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். 2007 முதல் 2016 வரையில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கொண்டே சேர்த்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது அனுகூலமாயிருந்தது உண்மை. ஆனால் அப்பொழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மிகச் சிலரே உள்ளே போனார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் அன்றைக்கு மார்க்கு விற்றன. இன்றைக்குக் கோச்சிங் கடைகள் விற்கின்றன. கடை மாறிற்றேயொழிய வியாபாரம் மாறவில்லை.

தகுதி, தகுதி என்று இவ்வளவு கூச்சல் போடுகிறவர்கள் அதைத் தாங்களாவது மதிக்கிறார்களா? 2022ல் நீட் பரீட்சையில் பொதுப் பிரிவுக்கு 720க்கு 117 வாங்கினால் தகுதி வந்துவிட்டது. அதாவது நூற்றுக்கு 16 மார்க்கு. அந்த மார்க்கோடு வருஷத்துக்குப் பல லட்சம் கட்டக்கூடியவன் தனியார் கல்லூரியின் கதவைத் தட்டலாம். யாரும் தகுதி கெட்டுவிட்டது என்று அழவில்லை. 2023 செப்டம்பரில் நடந்தது இதைவிட வேடிக்கை. டாக்டர்களின் மேல்படிப்பில் இடங்கள் காலியாய்க் கிடந்தனவென்று தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பர்சென்டைல் ஆக்கி மத்திய சர்க்காரே உத்தரவு போட்டது. பரீட்சை எழுதினவரெல்லாம் தகுதியுள்ளவரே என்பதுதானே அதற்கு அர்த்தம்? காலியிடத்தை நிரப்பத் தகுதி பூஜ்ஜியம் வரையில் இறங்கலாம். ஏழைப் பிள்ளைக்கு இடம் கொடுக்க ஒரு படி இறங்கினால் மட்டும் வைத்தியமே நாசமாய்ப் போய்விடும் என்றால், இதைவிடப் பித்தலாட்டம் வேறு உண்டா?

இனி அந்த நண்பர் கேட்ட ஆபரேஷன் சங்கதிக்கு வருகிறேன். ஏழரையில் நுழைந்தவனும் நீட்டில் தேறித்தான் நுழைகிறான். உள்ளே போனபின் அவனுக்கென்று தனிப் பாடமோ, தனிப் பரீட்சையோ கிடையாது. அறுக்கும் பிணமும் ஒன்று, எழுதும் பரீட்சையும் ஒன்று, தேற வேண்டிய மார்க்கும் ஒன்று. உள்ளே போகிற மார்க்கு வாசலுக்கு மட்டுந்தான். டாக்டராக்குவது வெளியே வருகிற பரீட்சை. உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நுழைவுப் பரீட்சையில் எத்தனை மார்க்கு வாங்கினார் என்று இதுவரையில் யாராவது கேட்டதுண்டா?

இது நம் நாட்டுப் பேச்சு மாத்திரமல்ல. இங்கிலாந்தில் பணம் கட்டும் பள்ளியில் படிக்கிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 7 பேர்; ஆனால் பெரிய யூனிவர்சிட்டிகளில் அவர்கள் கூட்டமோ அதைப்போல் பல மடங்கு. இதைக் கண்டு பிரிஸ்டல், டர்ஹாம் போன்ற யூனிவர்சிட்டிகள், வசதி குறைந்த பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குக் கேட்கும் மார்க்கில் ஒரு படி குறைத்துக்கொள்கின்றன. 2014ல் அங்கே உயர்கல்விக்குப் பணம் வழங்கும் சபை ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டது. ஒரே மார்க்கோடு உள்ளே போனவர்களை ஒப்பிட்டால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளே முடிவில் அதிகமாய் நல்ல பட்டம் பெறுகிறார்கள் என்று அது கண்டது. அமெரிக்காவில் டெக்சாஸ் என்கிற மாகாணத்தில் 1997ல் ஒரு சட்டம் செய்தார்கள். எந்தப் பட்டிக்காட்டுப் பள்ளியானாலும் சரி, அந்தப் பள்ளியில் நூற்றுக்கு முதல் பத்துப் பேருக்குள் வந்தால் அரசாங்க யூனிவர்சிட்டியில் இடம் என்பது அது. பிள்ளையை அவன் நிற்கிற இடத்தில் வைத்து அளப்பது என்பது இதுதான்.

நம் பக்கத்தில் இந்த யோசனை புதிதல்ல. 1928ல் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்தபோது உத்தியோகங்களில் வகுப்புவாரி உத்தரவு அமுலுக்கு வந்தது. பின்பு அம்முறை கல்லூரிகளுக்கும் வந்தது. 1951ல் சுப்ரீம்கோர்ட்டு அது செல்லாது என்றது. நாட்டில் எழுந்த கிளர்ச்சியைக் கண்டு அதே வருஷம் அரசியல் சட்டத்தையே முதன்முதலாகத் திருத்த வேண்டி வந்தது. ஆகவே கோர்ட்டுச் சொல்லோ சட்டத்தின் எழுத்தோ மலை அல்ல. மக்கள் கேட்டால் நகரும்.

அப்படித்தான் ஏழரையும் வந்தது. 2019ல் தமிழ்நாடு முழுவதிலும் வைத்தியக் கல்லூரியில் இடம் பெற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 6 பேர். ஜட்ஜி கலையரசன் கமிட்டி நூற்றுக்கு 10 இடம் கொடுக்கலாமென்றது. அரசாங்கம் ஏழரையாக்கி 2020ல் சட்டம் செய்தது. கவர்னர் கையெழுத்துப் போடத் தாமதித்தார். அக்டோபர் 29ந் தேதி அரசாங்கம் தானே உத்தரவு போட்டது. மறுநாள் கையெழுத்து வந்தது. அந்த வருஷமே வைத்தியத்துக்கு 313 பேர், பல் வைத்தியத்துக்கு 92 பேர், ஆக 405 பேருக்கு இடம் ஏற்பட்டது. ஆறு எங்கே, நானூற்றைந்து எங்கே! ஒரு வருஷத்தில் பிள்ளைகளுக்குப் புது மூளை முளைத்துவிட்டதா? அல்லது தலையெழுத்துத்தான் மாறிவிட்டதா? ஒன்றுமில்லை. மூளை முன்பும் இருந்தது, கதவு அடைத்திருந்தது. 2021ல் இன்னொரு சட்டத்தினால் இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை வைத்தியம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் ஏழரை வந்தது. கிண்டிக் கல்லூரியிலும், மலைக்குக் கீழே கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியிலும் உங்கள் பிள்ளைக்கு இப்போது உரிமையுள்ள இடம் உண்டு. சம்பளத்தையும் அரசாங்கமே கட்டுகிறது.

2022 ஏப்ரலில் சென்னை ஹைக்கோர்ட்டு இந்தச் சட்டம் செல்லும் என்றது. ஐந்து வருஷத்தில் மறுபடி ஆராய வேண்டுமென்றும் சொல்லிற்று. ஆராயட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் எதை ஆராய்வது? நீங்கள் தினமும் பார்க்கிற மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரையில் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு ஓடுகிறது. இன்ஜின் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அதைப் பார்த்து யாராவது இன்ஜினுக்கு யோக்கியதை இல்லை என்கிறார்களா? ஏற்றம் கடினம், ஆகவே பல் வேண்டும் என்கிறார்கள். குன்னூர் தாண்டினால் ஏற்றம் தணிகிறது, பல்லும் இல்லை. ஏழரையும் அப்படித்தான். எடுக்க வேண்டுமானால் ஏற்றம் தணிந்ததா என்று பாருங்கள். எல்லா அரசுப் பள்ளியிலும் பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் உபாத்தியாயர் இருக்கிறாரா, ஆய்வுக்கூடம் இருக்கிறதா, மழை நாளில் பஸ் வருகிறதா என்று பாருங்கள். இருக்கிறதென்றால் பல்லைக் கழற்றுங்கள். ஐந்து வருஷமாகிவிட்டது என்பதற்காக நடு மலையில் கழற்றினால் வண்டி எங்கே போகும்?

ஏழரை போதுமா என்றால், போதாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேர் அரசுப் பள்ளியில் படிக்கும்போது ஏழரை என்பது பந்தியில் இடமல்ல. பந்தி ஓரத்தில் ஒரு இலை. 2022 ஜனவரியில் இந்த ஊட்டியிலேயே 150 இடத்தோடு அரசு வைத்தியக் கல்லூரி திறந்தார்கள். அகில இந்தியாவுக்கென்று ஒதுக்கினது போக மிச்சத்தில் ஏழரையைக் கணக்கிட்டால் ஒன்பதோ பத்தோ இடம். நீட்டே வேண்டாமென்று சட்டசபை 2021லும் 2022லும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் சம்மதம் மறுக்கப்பட்டதென்று 2025 ஏப்ரலில் தெரிந்துவிட்டது. ஆகவே கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. கேட்கிறவரையில், கிடைத்ததைக் கைநழுவ விடாதீர்கள்.

அதற்காகத்தான் ஒரு விஷயம் சொல்லுகிறேன். வீட்டுக்குப் போய் மறந்துவிடாதீர்கள். இந்தச் சலுகைக்குப் பொதுவாகப் பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். முனிசிபல் பள்ளி, ஆதிதிராவிடர் பள்ளி, பழங்குடியினர் பள்ளி இவையும் சேரும். அரசாங்க உதவி பெறும் தனியார் பள்ளி சேராது. ஏழாம் வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்று கடன் வாங்கி இங்கிலீஷ் பள்ளியில் போட்டுவிட்டு, கடன் முற்றியபின் ஒன்பதாம் வகுப்பில் திரும்பக் கொண்டுவந்தால் கடனும் மிஞ்சும், உரிமையும் போகும். பெண்பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்திக் கொழுந்து கூடையைக் கையில் கொடுப்பவரும் யோசியுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு 2022லிருந்தும், ஆணுக்கு 2024லிருந்தும் மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் திட்டம் ஏற்பட்டிருக்கிறது. அது தர்மமல்ல, உங்கள் வரிப்பணம்.

உங்கள் பிள்ளை குறைந்த மார்க்கோடு கல்லூரிக்குப் போகும்போது யாராவது ஏளனம் செய்தால் தலைகுனிய வேண்டாம். "நான் எந்தக் காட்டில் பறித்தேன் தெரியுமா?" என்று அவன் திருப்பிக் கேட்கட்டும்.

தோழர்களே! நான் சொன்னதாலேயே இவைகளை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் அறிவைக் கொண்டு யோசியுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு உபாத்தியாயர் இல்லை என்று எண்ணுங்கள். எண்ணினதை எழுதி, பத்துப் பேராய்க் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.