உதவுவதற்கும் படிக்க வேண்டும்



'சமூகப் பணிக்குப் பெரிதும் தேவை நல்ல மனமா, முதுகலைப் படிப்பா?' என்று இந்தப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், சேவை என்பது ரத்தத்தில் ஊறி வர வேண்டும், எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை வகுப்பறையில் அது கிடைக்காது என்றார். அரங்கமே கை தட்டியது. மனம் வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அது இல்லாதவர் இந்தத் துறைப் பக்கமே வர வேண்டாம். எங்கள் வழக்கு வேறு. நல்ல மனம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நொந்துபோய் நிற்கிற மனிதரின் வாழ்க்கைக்குள் பயிற்சி இல்லாமல் நுழையும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

அண்ணன் ஒரு பட்டியல் வாசித்தார். பட்டம் வாங்காமலேயே பெரும்பணி செய்தவர்களின் பட்டியல். அதில் அவர் விட்டுவிட்ட ஒரு பெயரை நானே சேர்க்கிறேன்: மேரி கிளப்வாலா ஜாதவ். சமூகப் பணியில் பட்டம் வாங்கியவர் இல்லை அந்த அம்மையார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெட்ராஸுக்கு வந்த படைவீரர்களுக்காகப் பெண்களைத் திரட்டி வேலை செய்தவர். கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பின் வழியாக ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். மனம் ஒன்றே போதும் என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்குத் தகுதி உண்டென்றால் அது அவருக்குத்தான். அவர் அப்படிச் சொன்னாரா? 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் கல்லூரியை உருவாக்கினார். எழும்பூரில் இன்றும் அது நடக்கிறது. தனக்குப் பின்னால் வருகிறவர்கள் படித்துவிட்டு வரட்டும் என்று நினைத்தவர், படிக்காமலே எல்லாம் செய்து காட்டியவர்.

இது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் என்று ஓர் அம்மையார். கல்லூரியில் படித்தவர் அல்ல. 1889-ல் பால்டிமோரில் ஏழைகளுக்கு உதவும் ஒரு சங்கத்தில் துணைப் பொருளாளராக வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைக் குடும்பங்களைத் தேடிப் போய் ஆறுதல் சொல்லி, புத்தி சொல்லிவிட்டு வருவார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் குறை சொல்ல முடியாது. அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ரிச்மண்ட், இதற்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897-ல் டொராண்டோ மாநாட்டில் கேட்டார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பு தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளி அந்த வகுப்பில் இருந்து வளர்ந்ததுதான். பம்பாயிலும் இப்படித்தான் நடந்தது. நாக்பாடாவின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே சேவை இல்லம் நடத்திக்கொண்டிருந்த கிளிஃபோர்ட் மேன்ஷார்ட், 1936-ல் டாட்டா அறக்கட்டளையின் துணையோடு இந்தியாவின் முதல் சமூகப் பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளியைத் தொடங்கினார். டிஸ் என்று சொல்கிறோமே, இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அதுதான் இது. ஆகவே அண்ணன் அவர்களே, பட்டம் இல்லாத பெரியவர்களை நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், அவர்கள் எங்களுக்காகத்தான் சாட்சி சொல்வார்கள்.

மனம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாடு முழுவதிலும் இருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது. எத்தனை இரக்கம், எவ்வளவு கண்ணீர்! வந்ததில் ஏராளம் பழைய துணி. கடலில் எல்லாவற்றையும் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களுக்குத் தன்மானமும் சேர்ந்து போய்விடவில்லையே. பிறர் உடுத்திப் போட்டதை அவர்கள் தொடவில்லை. சாலையோரம் மலை மலையாகக் கிடந்து வீணாயிற்று. வலைக்கும் படகுக்கும் என்ன வழி, புருஷனை இழந்தவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, பிள்ளை ராத்திரி தூங்குகிறதா என்று உட்கார்ந்து கேட்க ஆள் தேவைப்பட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். எம்.எஸ்.டபிள்யூ. படிப்பின் முதல் பாடமே அந்த அளவைதான்: கொடுப்பதற்கு முன்னால் கேள், கேட்பதற்கு முன்னால் கவனி.

நான் மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை செய்கிறவள். அந்த வாழ்க்கையில் இருந்து ஒன்றைச் சொல்கிறேன். தீக்காயப் பிரிவில் ஒரு பெண். 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்கிறாள். கட்டில் பக்கத்தில் புருஷன் நிற்கிறார், கால்மாட்டில் மாமியார். இரக்கம் மட்டும் உள்ள ஒருவர் அங்கே என்ன செய்வார்? மனம் பொறுக்காமல், 'உண்மையைச் சொல்லும்மா, யார் கொளுத்தினாங்க?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார். அவள் வாய் அதோடு அடைத்துக்கொள்ளும். வீட்டில் அந்த மனிதர் கையில் இரண்டு குழந்தைகள் இருக்கின்றன, அவளுக்கு அது தெரியும்.

என்னிடம் ஃபீல்ட் ஒர்க்குக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி என்ன செய்தாள் தெரியுமா? முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. சாப்பிட முடிகிறதா, பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். மறுமுறை போனபோது, வெளியே வாங்க வேண்டிய மருந்துக்கும் காப்பீட்டு அட்டை வேலைக்குமாக உறவினர்களை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். 'பிள்ளைங்களை நினைச்சுப் பயமா இருக்காக்கா?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமல் இருப்பது இருக்கிறதே, அதற்குத்தான் பயிற்சி வேண்டும். நமக்கெல்லாம் மௌனம் வந்தால் கை கால் ஓடாது. எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். அவள் நிரப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள்.

இது எங்கிருந்து வந்தது? இரண்டு ஆண்டுப் படிப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் களத்தில் நிற்க வேண்டும். யாரிடம் என்ன பேசினோம், அவர் என்ன சொன்னார், அப்போது நமக்குள் என்ன ஓடியது என்று வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்: 'அந்த அம்மா அழ ஆரம்பிச்சப்போ நீ ஏன் ரேஷன் கார்டு பத்திக் கேட்ட? அவங்க அழறதை உன்னால தாங்க முடியலையா?' பயந்தது நோயாளி இல்லை, தான்தான் என்று ஒரு மாணவிக்குப் புரிகிற இடம் அது. அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருப்பதுதான் இந்தப் படிப்பின் உயிர். தனியாகச் சேவை செய்கிறவருக்கு அந்த ஆள் கிடையாது. அவர் செய்வதெல்லாம் சரி என்று சொல்லச் சுற்றிலும் ஆள் இருப்பார்கள். எங்கே தவறினாய் என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வந்து, 'அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க' என்கிறது. நல்ல மனம் உடனே சத்தியம் பண்ணிவிடும். பிள்ளை சொல்வது பாலியல் கொடுமையாக இருந்தால்? 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிய வந்ததைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சத்தியத்தை மீற வேண்டும், அல்லது சட்டத்தை மீற வேண்டும். சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளை வாழ்நாளில் இன்னொரு பெரியவரை நம்புமா? படித்து வந்தவள் முதலிலேயே சொல்லிவிடுவாள்: 'நீ சொல்றதைக் கண்டபடி யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.' இதையெல்லாம் பிறவியில் யாரும் கொண்டு வருவதில்லை.

எதிரணி அக்கா, புத்தகமெல்லாம் அமெரிக்கா, நோயாளியெல்லாம் நம்ம ஊர், எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாடநூல்களில் நம் மண்ணின் அனுபவம் இன்னும் ஏறவில்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் படிப்பு புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை அக்கா. அவரவர் ஊரின் துயரத்தைப் பார்த்துப் புது வழி கண்டுபிடிப்பதும் இந்தக் கல்லூரிகளில்தான் நடந்திருக்கிறது. நடு ராத்திரியில் ஒரு குழந்தை கூப்பிடலாம் என்று 1098 என்ற எண் இருக்கிறதே, அது 1996-ல் டிஸ் நிறுவனத்தின் களத் திட்டமாகப் பம்பாயில் பிறந்தது. தெருவோரப் பிள்ளைகளோடு பழகியதில் இருந்து வந்தது அது. எந்த அமெரிக்கப் புத்தகத்திலும் இருந்து எடுத்ததில்லை.

படித்த ஆள் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடியை நாம் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களில் எத்தனையோ பேர் பாசத்தோடும் நம்பிக்கையோடும்தான் விட்டிருப்பார்கள். தாய்க்கு மகன் மேல் அன்பு இல்லாமலா? அந்தத் தாயிடம் உட்கார்ந்து, இது நோய், இதற்கு மாத்திரை உண்டு, மாதாமாதம் வந்து வாங்கப் பேருந்துச் செலவுக்கு இன்ன வழி, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு இந்த விண்ணப்பம் என்று சொல்ல ஆள் இல்லை. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. அதே சட்டம், மனநல சமூகப் பணியாளர் என்றால் சமூகப் பணியில் முதுகலையும், அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில். பயிற்சியும் முடித்தவர் என்று வரையறுக்கிறது. மனம் உள்ள எவரும் வரலாம் என்று அது எழுதவில்லை.

இந்தப் படிப்புக்குச் சம்பளம் குறைவு என்று எதிரணியில் சொன்னார்கள். உண்மைதான். இரண்டு வருஷம் படித்துவிட்டு ஒப்பந்த ஊதியத்தில், நாளை திட்டம் நிற்குமா தொடருமா என்று தெரியாமல் வேலை செய்கிற பிள்ளைகளை நான் தினம் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. ஆனால் அந்தச் சம்பளம் ஏன் குறைவாக இருக்கிறது? 'இதற்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது, மனமிருந்தால் யாரும் செய்யலாமே' என்று நாற்காலியில் இருப்பவர்கள் நினைப்பதால்தான். எதிரணி இன்று மேடையில் சொல்வதைத்தான் அவர்கள் கோப்பில் எழுதுகிறார்கள். செவிலியருக்குப் பயிற்சி கட்டாயம், மருந்து எடுத்துக் கொடுப்பவருக்குக் கட்டாயம். குடும்பம் உடைந்து நிற்கிறவளோடு பேசுகிறவருக்கு மட்டும் வேண்டாமா? வசதி உள்ளவர்கள் கட்டணம் கொடுத்துத் தேர்ந்த ஆலோசகரைத் தேடிப் போவார்கள். இல்லாதவருக்கு, யார் மனமிரங்கி வருகிறாரோ அவர்தான். அதைத்தான் நாங்கள் மாற்றச் சொல்கிறோம்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒன்றை வைத்துவிட்டு அமர்கிறேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிற்கிறான். 15 நாளுக்குள் அவனைப் பற்றிய சமூகப் புலனாய்வு அறிக்கை வர வேண்டும். வீட்டில் என்ன கடன், பள்ளியில் இருந்து எப்போது நின்றான், எந்த வேலைக்குப் போனான், அப்பா அடிப்பாரா, கூட்டாளிகள் யார், யாரோடு வீட்டுக்கு அனுப்பினால் பத்திரமாக இருப்பான் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் அவனை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். 'பையன் பாவம், நல்லவன், விட்டுவிடுங்கள்' என்று எழுதினால் அந்தக் குழுமத்துக்கு அது உதவாது. அந்த அறிக்கையை யாரிடம் கொடுத்து எழுதச் சொல்வீர்கள், எதற்காக அவரிடம் கொடுப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.