கண்மாய்க்கரையும் பாலைக்கிணறும்

(எல்லைப்பகுதித் தமிழ்க் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



போன கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டான்: "பாலைவனத்தில் கெரில்லாப் போர் நடந்தது என்கிறீர்களே, மறைவதற்கு அங்கே மரமா இருக்கிறது, குடிப்பதற்குத் தண்ணீரா இருக்கிறது?" நல்ல கேள்வி. மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். பூப்பாறையிலும் வண்டிப்பெரியாற்றிலும் பத்தடி வைத்தால் ஓர் ஓடை, இருபதடி வைத்தால் ஒரு புதர். ஆனால் நம் பாட்டன் பூட்டன்களில் பலர் வந்த சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகள் அப்படிப்பட்டவை அல்ல. அங்கேயும் ஒரு மறைமுகப் போர் நடந்தது. அதற்கு வருமுன் லிபியாவுக்குப் போய்விட்டு வருவோம்.

1911இல் இத்தாலி லிபியாவின் கரையில் படையை இறக்கியது. கடற்கரை ஊர்கள் சீக்கிரமே விழுந்தன. உள்நாட்டை அடக்க இருபது ஆண்டு பிடித்தது. கிழக்கு லிபியாவில் அந்தப் போரை நடத்தியவர் உமர் முக்தார். பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். பாலைவனப் போர் என்றதும் நாம் மணல்மேட்டை நினைத்துக்கொள்கிறோம். அவருடைய ஆட்கள் மணலில் குடியிருக்கவில்லை. கடலுக்கும் பாலைக்கும் நடுவே ஜபல் அக்தர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. பெயருக்கே 'பச்சை மலை' என்றுதான் பொருள். குளிர்காலத்தில் மழை பெய்யும். குகை உண்டு, பள்ளத்தாக்கு உண்டு, குறுங்காடு உண்டு. குடிப்பதும் உறங்குவதும் அங்கே. துரத்தினால் பாலைக்குள் போய் மறைவார்கள். பாலைவனம் அவர்களுக்கு வீடல்ல, கொல்லைப்புற வாசல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் நடக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஆயிரம் பேர் கொண்ட படைக்கு ஐயாயிரம், ஆறாயிரம் லிட்டர். அதைச் சுமந்து வரும் மிருகமும் குடிக்கும். பீரங்கியை இழுக்கும் காளை ஒன்றே ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் குடித்துவிடும். ஆகவே பெரிய படை, வற்றாத நீர் இருக்கும் பாதையை விட்டு விலக முடியாது. எந்தப் பாதையில் வருவான், எங்கே தங்குவான் என்பது எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முப்பது பேர் கொண்ட கூட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு சின்னக் கிணற்றின் ஊற்று அவர்களுக்குப் போதும். ஒட்டகமோ வெயிலிலும் பல நாள் தாகம் தாங்கும். கிணறு எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுதான் படை. சிறுகூட்டமாகப் பிரிந்து அடித்துவிட்டு ஓடும் முறையைத் தளபதிகள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அந்த நிலம் சொல்லிக்கொடுத்தது.

இனி நம் சீமைக்கு வருவோம். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊர்மக்களைக் கொண்டு சில நாட்களிலேயே மறுபடி எழுப்பினார். மண்கோட்டைதான். ஆனாலும் மே 24 வரை கும்பெனியால் அதைப் பிடிக்க முடியவில்லை. வெட்டவெளியில் நிற்கும் கோட்டைக்கு ஒரு குறை உண்டு: சுற்றி வளைத்து உட்கார்ந்துவிடலாம். கோட்டை விழுந்தபின் ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அங்கே போர் வேறு உருவம் எடுத்தது.

சிவகங்கைச் சீமையில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி மழையைக் கண்மாயில் தேக்கிவைத்து வருஷத்தைக் கழிக்கும் ஊர்கள். அவற்றின் நடுவே அன்று காளையார்கோவிலைச் சுற்றி அடர்ந்த முள்காடு. உள்ளே உயர்ந்த மதிலோடு கோயில், பெரிய தெப்பக்குளம். ஜபல் அக்தருக்கு என்ன இலக்கணம் சொன்னேனோ, அதேதான் இங்கும்: வறண்ட நாட்டின் நடுவே மறைவும் நீரும் சேர்ந்த ஓர் இடம். 1801 ஜூலை கடைசியில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலுக்கு வந்தது. படை வருமுன் அந்த ஊரை மருதுவின் ஆட்களே கொளுத்திவிட்டார்கள். அங்கிருந்து காட்டை வெட்டிப் பாதை போட்டான் அக்னியூ. ஒரு மாதத்துக்கு மேல் வெட்டினார்கள். பகலில் வெட்டிய பாதைக்கு எதிரே இரவில் மண்தடுப்பு எழும்பும். கண்மாய்க்கரையே அரண். மழைக்காலத்தில் நீரைத் தடுக்கும் கரை, கோடையில் குண்டைத் தடுத்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ அந்த வேலையைக் கைவிட்டுத் திரும்பினான். அந்தப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தன் நினைவுகளை எழுதிவைத்தான். சின்ன மருதுவிடம் தான் வளரி வீசக் கற்றதையும் அதில் ஒளிக்காமல் சொல்கிறான்.

ஐப்பசி பிறந்து கண்மாய் நிரம்பினால் கரிசலிலும் வயலிலும் பீரங்கி வண்டி புதைந்துபோகும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் கும்பெனிக்கு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கோடரியால் முடியாததை ஒரு பட்டத்தால் முடித்தார்கள். அரச குடும்பத்து உறவான படமாத்தூர் கௌரி வல்லபரைச் சோழபுரத்தில் வைத்து ஜமீன்தார் என்று அறிவித்தார்கள். யாருக்கு விசுவாசம் என்ற கேள்வியில் சீமை இரண்டாகப் பிளந்தது. ஊர் பிளந்தால் சோறும் தண்ணீரும் செய்தியும் தரும் கைகளும் பிளக்கும். அக்டோபர் 1ஆம் நாள் படைகள் பல பக்கமிருந்து புகுந்தன. காளையார்கோவில் விழுந்தது. 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையையும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட 73 பேர் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கடல் கடந்த தமிழர் என்று பேசும்போது, விலங்கோடு போன இவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

லிபியாவில் இத்தாலிக்காரன் இதைவிடக் கொடூரமாக, இதைவிடத் திட்டமிட்டுச் செய்தான். போராளியைத் தேடிக் களைத்தவன் குடும்பங்களின்மேல் கைவைத்தான். 1930 முதல் சுமார் ஒரு லட்சம் பேரை, ஆடுமாடுகளோடு வாழ்ந்த குடும்பங்களை, பச்சை மலையிலிருந்து இறக்கி முள்கம்பி முகாம்களில் அடைத்தான். பல்லாயிரம் பேர் அங்கேயே செத்தார்கள். கிணறுகளைச் சிமெண்ட் ஊற்றி மூடினான். எகிப்து எல்லையில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவேலி போட்டான். உமர் முக்தாருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. 1931 செப்டம்பர் 11இல் பிடிபட்டார். 16ஆம் நாள் முகாம் மக்கள் கண்ணெதிரே அவரைத் தூக்கிலிட்டார்கள்.

தம்பியின் கேள்விக்கு என் பதில் இதுதான். மறைவிடம் நிலத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி குடத்தோடு வருகிற பெண்ணிடமும், கிணற்றின் இடத்தைக் காட்டிக்கொடுக்காத கிழவனிடமும் இருக்கிறது. அதனால்தான் அடியும் அவர்கள்மேல்தான் முதலில் விழுகிறது. காளையார்கோவில் காட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் பெயர் கும்பெனிக் குறிப்பு எதிலும் கிடையாது.

போருக்குப் பின் அந்தச் சீமையில் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. ஜமீன் வரி நிரந்தரமானது. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்ற வெள்ளைக்காரன் பூஞ்ஞாற்றுத் தம்புரானிடம் குத்தகைக்கு வாங்கியது 1877இல், அதே பஞ்சத்தின் நடுவில். கங்காணிக்கு ஆள் தேடி அலைய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாமா என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆள் அனுப்பிப் பார்த்தவர் இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. பணமில்லாமல் நின்றுபோனது. 1895இல்தான் அணை முடிந்து அந்த நீர் வைகைக்குப் போனது. எந்த வறட்சி அந்தப் போருக்கு உருவம் கொடுத்ததோ, அதே வறட்சிக்குத் தேடிய மருந்து நம் குமுளிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்திருக்கும் தாய்மார்களுக்கு இதெல்லாம் பழங்கதையாகத் தோன்றாது. சித்தூர்த் தாலுக்காவின் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை ஆழ்குழாய் போட்டு உறிஞ்ச, ஊர்க்கிணறு கெட்டது. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண். கையில் ஆயுதம் கிடையாது, மறைய ஒரு காடும் கிடையாது, குடம்தான் இருந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்களில் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் மேடைக்கு வரட்டும். நான் இறங்கிக்கொள்கிறேன்.